ஜப்பானில் பத்து நாள் பொம்மைக் கடை: வாசகர் கேள்விகள்

ஒரு கார்ட்டூனின் பேரிலோ பொம்மையின் பேரிலோ பத்து நாள், இரண்டு வாரம் என்று கடை போடுவார்கள். கெடு முடிந்ததும் சுவரொட்டி உட்பட எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். ஜப்பானின் இந்தப் பாப்-அப் கடைகளைப் பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் இம்முறை பதில்.

கேள்வி: பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு டோக்கியோ போகிறோம். பத்து வயது மகனுக்குப் பேபிளேட் எக்ஸ் என்ற மோதல் பம்பரம் என்றால் உயிர். நாங்கள் இருக்கும் வாரத்தில் ஒரு வணிக வளாகத்தில் அதற்குப் பாப்-அப் கடை போடுகிறார்களாம். நேரே போய் நின்றால் உள்ளே விடுவார்களா?
(கோயம்புத்தூரிலிருந்து ஒரு தாய்)

பதில்: எந்த நாளில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கூட்டம் வரும் என்று தெரிந்த கடைக்கு, திறக்கும் முதல் சில நாட்கள் முன்பதிவுக் குலுக்கல்தான். 'சூசென்' என்று எழுதியிருப்பார்கள். கடை திறப்பதற்குச் சில வாரங்கள் முன்பே இணையத்தில் பெயர் கொடுக்க வேண்டும். விழுந்தால் இன்ன நாள், இன்ன நேரம் என்று அனுமதி வரும். பெயர் கொடுக்கும் பக்கம் பல சமயம் ஜப்பானியக் கைப்பேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பித்தான் உறுதி செய்யும். நம் ஊர் எண்ணை வைத்துக்கொண்டு அங்கேயே மாட்டிக்கொள்பவர்கள் அதிகம். டோக்கியோவில் உறவினரோ நண்பரோ இருந்தால் அவர் பெயரில் போட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். வாசலில் அடையாள அட்டையைக் கேட்கும் கடைகள் உண்டு. பெயர் ஒத்துப்போகவில்லை என்றால் அனுமதி இல்லை.

குலுக்கல் நாட்கள் கழிந்த பிறகு இரண்டு விதம். ஒன்று, யார் வேண்டுமானாலும் நுழையலாம். மற்றது 'செய்ரிகென்', அதாவது வரிசை எண் சீட்டு. நம் ஆஸ்பத்திரி டோக்கன் போலத்தான், ஆனால் கொடுக்கும் இடம் கடை வாசலாக இருக்காது. கட்டடத்தின் ஏதோ ஒரு பக்கக் கதவில், வளாகம் திறப்பதற்கு முன்பே கொடுத்து முடித்துவிடுவார்கள். பத்து மணிக்குக் கடை திறக்கிறது என்று பத்து மணிக்குப் போய் நிற்பவருக்குச் சீட்டு தீர்ந்துபோயிருக்கும். சீட்டு தரும் இடமும் நேரமும் அறிவிப்பின் அடியில், பொடி எழுத்தில் இருக்கும். கைப்பேசிக் கேமராவை அதன்மேல் காட்டி மொழிபெயர்த்துப் படியுங்கள். மேலே பெரிய எழுத்தில் இருப்பது விளம்பரம். உங்களுக்கு வேண்டியது முழுக்கக் கீழேதான் இருக்கும். குழந்தைக்குத் தனிச் சீட்டு வேண்டுமா என்பதும் அங்கேயே இருக்கும். கடைக்குக் கடை மாறுகிற விதி அது.

வாய்ப்பிருந்தால் இரண்டாவது வாரத்தில், வார நாளில், மதியத்துக்கு மேல் போங்கள். சில பொருள் தீர்ந்திருக்கும். ஆனால் பையனை மூன்று மணி நேரம் வரிசையில் நிறுத்தி, அவன் அழுது, நீங்கள் அதட்டி, அந்த நாளே வீணாவதைவிட அது மேல்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. மகனுக்கு வேண்டியது சுழலும் பேபிளேடா, பேபிளேட் படம் போட்ட துண்டா? பாப்-அப் கடையில் பெரும்பாலும் கிடைப்பது இரண்டாவது ரகம்: அக்ரிலிக் ஸ்டாண்ட் (உருவத்தை அச்சிட்டு நிற்க வைக்கும் பிளாஸ்டிக் தகடு), கீசெயின், பேட்ஜ், கோப்புறை, டி-ஷர்ட். எல்லாம் அச்சிட்ட விலைக்குத்தான். பத்து வயதுப் பையனுக்கு அக்ரிலிக் ஸ்டாண்டில் என்ன இருக்கிறது? அது சேகரிக்கும் பெரியவர்களுக்கான சரக்கு. சுழற்றுகிற பொருள் வேண்டுமென்றால் யோதோபாஷி, பிக் கேமரா போன்ற மின்சாதனக் கடைகளின் பொம்மைத் தளத்துக்குப் போங்கள். அக்கிஹாபராவில் இருக்கும் யோதோபாஷியின் பொம்மைப் பிரிவில் நுழைந்தால் உங்கள் மகன் வெளியே வர மாட்டான். அங்கே பல பொம்மைகள் அச்சிட்ட விலையைவிடக் குறைவாகவே இருக்கும். புதிதாக வந்த மாடல்கள் அங்கும் சட்டென்று தீரும், ஆளுக்கு ஒன்று என்ற கட்டுப்பாடும் இருக்கும். அது வேறு விஷயம். ஒரு எச்சரிக்கை: மோதவிடும் அரங்கு இல்லாமல் பேபிளேட் மட்டும் வாங்கினால் அரை விளையாட்டுதான். எக்ஸ் வகையில் அடிப்பக்கப் பல், அரங்கின் ஓரத்திலுள்ள பல் தண்டவாளத்தைக் கவ்விப் பாய்வதுதானே அதன் விசேஷம்? அந்த அரங்கு உங்கள் பயணப் பெட்டியில் பாதி இடத்தை விழுங்கும். அளந்துகொண்டு வாங்குங்கள்.

டோக்கியோ ரயில் நிலையத்தின் யாயெசு பக்க நிலத்தடியில் 'டோக்கியோ கேரக்டர் ஸ்ட்ரீட்' என்ற கடைவீதி இருக்கிறது. டொமிக்கா கார், பிளாரெய்ல் ரயில் போன்ற பொம்மைகளுக்கு நிரந்தரக் கடைகளும், 'இச்சிபான் பிளாசா' என்று மாறி மாறிக் கடை போடும் இடமும் அங்கே சேர்ந்தே இருக்கின்றன. பாப்-அப் எப்படி இருக்கும் என்று பார்க்க மட்டும் ஆசையென்றால், ரயில் ஏறப் போகிற வழியில் அது போதும்.

பேபிளேடின் பாட்டன் யார் என்று மகனுக்குச் சொல்லுங்கள். டக்காரா நிறுவனம் 1999-ல் அதைக் கொண்டுவந்தபோது கையிலெடுத்தது 'பெய்கோமா' என்ற பழைய தெருப் பம்பரத்தை. கட்டைவிரல் அகல இரும்புத் துண்டு. கயிறு சுற்றி, தொட்டியின் வாயில் கட்டிய துணிமேல் வீசி, எதிராளியின் பம்பரத்தை வெளியே தள்ள வேண்டும். டோக்கியோவை ஒட்டிய கவாகுச்சி, இரும்பு வார்ப்புக்குப் பெயர்போன ஊர். அங்கே இன்னும் வார்க்கிறார்கள். பம்பரம் விட்ட கைக்கு அது சட்டென்று பிடிபடும். அதற்கு வரிசையும் இல்லை, சீட்டும் இல்லை.

கேள்வி: போன மாதம் டோக்கியோவில் ஒரு பாப்-அப் கடையில் மகளுக்காகக் கீசெயின் வாங்கினேன். எட்டு உருவங்கள், உறைக்குள் எது இருக்கிறதென்று தெரியாது. ஒன்று 770 யென். பன்னிரண்டு வாங்கியும் அவள் கேட்ட முயல் வரவில்லை, ஒரே கரடி நான்கு முறை வந்தது. திருப்பிக் கொடுக்கப் போனால் சிரித்த முகத்தோடு குனிந்து குனிந்து மறுத்துவிட்டார்கள். இது ஏமாற்று இல்லையா?
(சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகி)

பதில்: எரிச்சல் புரிகிறது, ஆனால் ஏமாற்று இல்லை. உள்ளே இருப்பது தெரியாது என்று எழுதித்தான் விற்கிறார்கள். கடையில் நேரில் வாங்கிய பொருளை மனம் மாறித் திருப்ப ஜப்பானில் சட்ட உரிமை கிடையாது. 'கூலிங் ஆஃப்' (மனம் மாறினால் சில நாளில் ரத்து செய்வது) என்று அங்கே ஒரு விதி இருப்பது உண்மை. அது வீடு தேடி வந்து விற்பவர், தொலைபேசியில் விற்பவர் போன்றோரிடமிருந்து காக்க வந்தது. நீங்களே நடந்துபோய் வாங்கியதற்குப் பொருந்தாது. இணையத்தில் வாங்கி ஏழு நாளில் திருப்பிப் பழகிய நமக்கு இது உறைப்பதே இல்லை.

கணக்கைப் பாருங்கள். எட்டும் சம அளவில் கலந்திருப்பதாக வைத்துக்கொண்டால், எட்டு உறை வாங்கியும் வேண்டியது கிடைக்காமல் போகும் ஆட்கள் மூன்றில் ஒருவர். பன்னிரண்டு வாங்கியும் கிடைக்காதவர் ஐந்தில் ஒருவர். நீங்கள் அந்த ஐந்தில் ஒருவர், அவ்வளவுதான். அபூர்வ துரதிர்ஷ்டம் ஒன்றுமில்லை. எட்டையும் சேர்க்க சராசரியாக 22 உறை வேண்டும், கிட்டத்தட்ட 17,000 யென். நீங்கள் கொடுத்தது 9,240.

இதற்கு இரண்டு வழி உண்டு. பெட்டியோடு விற்கிறார்களா, ஒரு பெட்டிக்குள் எல்லா வகையும் இருக்கும் என்று அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தால் எட்டுக்கு எட்டு. இல்லையென்றால் ஒன்றிரண்டு வாங்கி ஆசையைத் தீர்த்துவிட்டு, முயலைப் பழைய பொருள் கடையில் தேடுங்கள். அங்கே உறை பிரித்து, முகம் தெரிய வைத்திருப்பார்கள். எல்லாருக்கும் பிடித்த உருவம் கடை விலையைவிடக் கூடுதலாக இருக்கும். அந்த முயல் இரண்டு மடங்கு, 1,540 யென் என்றாலும் உங்களுக்கு 7,700 மிச்சம். நாலு கரடிகளும் இதே போன்ற கடைகளில்தான் மலிவாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

கடைக்குள் மற்ற வாடிக்கையாளரோடு மாற்றிக்கொள்வதைப் பெரும்பாலான கடைகள் தடுத்திருக்கும். வெளியே போய் மாற்றிக்கொள்கிறார்கள். மகளும் ஆசைப்பட்டால் நீங்கள் கூடவே நில்லுங்கள்.

நீங்கள் ஏன் பன்னிரண்டில் நிறுத்தினீர்கள் என்று ஊகிக்கிறேன். ஒவ்வொரு 2,200 யெனுக்கும் ஒரு அட்டை இலவசம் என்று பலகை வைத்திருப்பார்கள். பன்னிரண்டுக்கு நான்கு அட்டை வந்திருக்கும். எல்லா வாடிக்கையாளருக்கும் தரும் இலவசப் பொருளின் மதிப்பு, வாங்கிய தொகையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது ஜப்பானியச் சட்டம் (ஆயிரம் யெனுக்குக் கீழே வாங்கினால் 200 யென் வரை). ஆக, அந்த அட்டையின் மதிப்பு அதிகம் போனால் 440 யென். நாலாவது அட்டைக்காகப் பத்தோடு நிறுத்தாமல் இன்னும் இரண்டு கீசெயின், 1,540 யென் என்று போடுவது எந்தக் கணக்கிலும் சேராது. எட்டையும் சேர்த்தால் ஒன்பதாவது பரிசு என்று யாரும் ஆசை காட்டாததற்கும் காரணம் உண்டு. அப்படிச் சேர்க்கச் சொல்வது அதே சட்டத்தில் தடை. கைப்பேசி விளையாட்டுகளுக்கும் அது பொருந்தும் என்று 2012-ல் நுகர்வோர் துறை அறிவித்தபோது பெரிய பரபரப்பே எழுந்தது.

உடைந்தோ, அச்சு கோணியோ, கொக்கி இல்லாமலோ வந்தால் கதை வேறு. அப்போது மாற்றித்தரக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் கடையே பத்து நாளில் காணாமல் போய்விடும். அப்புறம் ஊருக்கு வந்து யாரிடம் கேட்பது? வாங்கிய அன்றே அருகில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். தங்கும் விடுதிக்கு எடுத்துப்போய், பெட்டியில் அடுக்கி, ஊரில் பிரித்து வருந்தியவர்களின் கடிதங்கள் என்னிடம் நிறையவே இருக்கின்றன. தகராறு முற்றினால் ஜப்பானில் எங்கிருந்தும் 188 என்ற நுகர்வோர் எண் உண்டு.

கேள்வி: பாப்-அப் கடையில் வாங்கினால் வரிவிலக்கு கிடைக்குமா?
(மதுரையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: எல்லாக் கடையிலும் இல்லை. வரிவிலக்குக்கு அனுமதி வாங்கிய கடையாக இருக்க வேண்டும். பத்து நாள் கடைக்கு அந்த வேலையில் இறங்காதவர்கள் நிறைய. பல்பொருள் அங்காடிக்குள் போட்ட கடை என்றால் அங்காடியின் பொது வரிக் கவுன்டரில் கிடைக்கலாம். சேவைக் கட்டணம் என்று கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். வரி 10%. ஒரே கடையில், ஒரே நாளில், வரி சேர்க்காமல் 5,000 யெனாவது வாங்கியிருக்க வேண்டும். அசல் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும், நகல் செல்லாது. 2026 நவம்பர் 1 முதல் முறையே மாறுகிறது: கடையில் வரியோடு சேர்த்துக் கட்டி, கிளம்பும்போது விமான நிலையச் சுங்கத்தில் உறுதி செய்த பிறகே பணம் திரும்பும். பொருளைக் காட்டச் சொன்னால் காட்ட வேண்டும். ஆகவே பெட்டியை விமானத்துக்கு ஒப்படைக்கும் முன்பே அந்த வேலையை முடியுங்கள்.

கார்டு தேய்க்கும்போது யெனா ரூபாயா என்று இயந்திரம் கேட்டால் யென் என்றே அழுத்துங்கள். கடையில் தரும் பிளாஸ்டிக் பைக்கும் காசு உண்டு, 2020 ஜூலையிலிருந்து. ஒரு துணிப்பை கொண்டுபோங்கள்.

கேள்வி: பாகங்களைப் பொருத்திச் செய்யும் மாடல் பொம்மைப் பெட்டி ஒன்று வாங்கினேன். காசாளர் என் கண் முன்னாலேயே மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக் கிழித்துக் கொடுத்தார். புதுப்பொருளைப் பழசாக்கியது போல இருந்தது. அவமானமாகவும் இருந்தது.
(கொழும்பிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: உங்களைக் குறிவைத்ததல்ல. வரிசையில் நின்று வாங்கி, அன்று மாலையே இரண்டு மூன்று மடங்கு விலைக்கு இணையத்தில் விற்பவர்களை அங்கே 'தென்பாய்' ஆட்கள் என்பார்கள். நம் ஊர் பிளாக் டிக்கெட் ஆசாமிகள்தான். உறை கிழிந்த பெட்டிக்கு அவர்களிடம் விலை குறையும் என்பதால் கடைக்காரர்கள் கண்டுபிடித்த மருந்து இது. குன்டாம் ரோபோ மாடல், போக்கிமான் அட்டை விற்கும் கடைகளிலும் பார்க்கலாம். உள்ளே இருக்கும் பாகங்களுக்கு ஒன்றும் ஆகாது. உண்மையில் விளையாட வாங்குபவருக்கு இது நன்மை. பெட்டியை அப்படியே அலமாரியில் வைத்துப் பூசிப்பவராக இருந்தால், பணம் கட்டும் முன்பே விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் போவதற்கு முந்தின நாளே கடை முடிந்துவிட்டது. 'கென்தெய்', அதாவது அங்கே மட்டும் கிடைக்கும் என்று போட்டிருந்த பொருள் இனி கிடைக்கவே கிடைக்காதா?
(சென்னையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)

பதில்: 'கென்தெய்' என்ற சொல்லுக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம். பல கடைகள் முடிந்த சில நாட்களிலோ வாரங்களிலோ, மிச்சச் சரக்கையோ புதிதாக அடித்ததையோ இணையத்தில் விற்கும். 'ஜிகோ ட்சூஹான்', பிறகு வரும் தபால் விற்பனை. கடையை நடத்திய நிறுவனத்தின் சமூக வலைதளக் கணக்கில் முதலில் தெரியும். அதே கடை ஒசாகாவுக்கோ நகோயாவுக்கோ நகர்வதும் உண்டு. தபால் விற்பனை ஜப்பான் முகவரிக்கு மட்டும் என்றால், அங்கே உங்களுக்குப் பதிலாக வாங்கி அனுப்பும் சேவைகள் இருக்கின்றன. ஆனால் அவர்கள் கட்டணம், விமானத் தபால், நம் ஊர்ச் சுங்கம் எல்லாம் சேர்ந்தால் 700 யென் பொருள் தன் விலையைப் போலப் பல மடங்காகும். ஒற்றைக் கீசெயினுக்கு அதைச் செய்யாதீர்கள்.

இன்னும் டோக்கியோவில்தான் இருக்கிறீர்களென்றால் நாகானோ பிராட்வேக்குப் போங்கள். 1966-ல் கட்டிய பழைய வளாகம். மந்தராகே என்ற பழைய பொருள் கடை பல தளங்களில் பரந்து கிடக்கிறது, ஒவ்வொரு அறையும் ஒவ்வொரு வகைப் பொம்மைக்கு. அக்கிஹாபராவின் ரேடியோ கைகான் என்ற கட்டடத்தில் வேறு விதம். தனியார் வாடகைக்கு எடுத்த சின்னச் சின்னக் கண்ணாடிப் பெட்டிகளில் தங்கள் பொருளைத் தாங்களே விலை போட்டு வைத்திருப்பார்கள். ஒரே பொருள் அடுத்தடுத்த பெட்டியில் வேறு வேறு விலையில் இருக்கும். எல்லாப் பெட்டியையும் ஒரு சுற்றுப் பார்த்த பிறகே கை வையுங்கள். நாகானோவில் மந்தராகே பகல் 12 மணிக்குத்தான் திறக்கும். காலையிலேயே போய் நிற்காதீர்கள்.