ஊழலை அம்பலப்படுத்திய நிஜ மனிதர்களை அரசியல் படங்களில் கதாநாயகர்களாக்குவது சரியா?

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் குறும்படத்துக்குக் கதை தேடுகிறவர் போலத் தெரிகிறது. தாராளமாக எடுங்கள். மைக் முன்னால் முழங்கும் காட்சியை மட்டும் வைக்காதீர்கள். புகார் கொடுத்தவன் முழங்குவதில்லை. தன் பெயர் வெளியே போய்விட்டதா என்று விசாரித்துக்கொண்டிருப்பான்.

என் சித்தப்பா திருவாரூர்ப் பக்கம் ஒரு நெல் கொள்முதல் நிலையத்தில் பருவகாலப் பட்டியல் எழுத்தர். மூட்டைக்கு 40 கிலோ என்பது கணக்கு. தராசில் அதற்கு மேலும் வைக்கச் சொல்வார்கள், கையிலும் வாங்குவார்கள். கொடுத்தால் ஈரப்பதம் அனுமதித்த 17 சதவீதத்துக்குள் அடங்கிவிடும், கொடுக்காவிட்டால் அதே நெல்லைக் காயவைத்துக் கொண்டுவரச் சொல்வார்கள். சித்தப்பா மேலிடத்துக்கு மனு எழுதினார். பெயரை வெளியிட வேண்டாம் என்றும் கேட்டிருந்தார். மனு 'உரிய நடவடிக்கைக்காக' என்ற குறிப்போடு, யார் மீது புகாரோ அவர் மேசைக்கே வந்து சேர்ந்தது.

விசாரணை என்று சொல்லிக் கொள்முதலை நிறுத்தினார்கள். சம்பா அறுவடை நேரம். சாலையோரம் நெல் குவிந்து கிடக்க, மழை வேறு மிரட்டியது. பணம் கொடுத்து நொந்த விவசாயிகளே வாசலுக்கு வந்து, "கொடுத்தவர்கள் நாங்கள், உனக்கு என்ன வந்தது?" என்று கேட்டார்கள். கேட்டவர்களில் என் அப்பாவும் ஒருவர். அடுத்த பருவத்துக்குச் சித்தப்பாவை வேலைக்கு அழைக்கவில்லை. இந்த வாசல் காட்சியை எந்த இயக்குநர் எடுப்பார்? பாதிக்கப்பட்டவர்களே எதிரே நின்றால் வில்லனை எங்கே நிறுத்துவது?

சொந்தக்காரரைத் தியாகியாக்குகிறாய் என்று சிலர் வருவீர்கள். அவர் தியாகி இல்லை, சண்டைக்காரர். பங்காளியோடு வரப்புத் தகராறு இன்றும் ஓடுகிறது. அதனால் தராசு சரியாகிவிடுமா?

தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் நடந்த முறைகேடுகளைப் பற்றி 2002-இல் பிரதமருக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபேயும் பெயரை மறைக்கத்தான் கேட்டார். கடிதம் பெயரோடு அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக்கு வந்தவர்கள் என்று மூவரை 2010-இல் நீதிமன்றம் தண்டித்தது. படமெடுப்பவருக்கு அந்தத் தீர்ப்பு ருசிக்காது. ஒப்பந்ததாரர் ஒருவர் கையில் துப்பாக்கியைக் கொடுக்கத்தான் கை துறுதுறுக்கும். கடிதம் சுற்றிய கதையே போதும் என்பேன். அது யாரும் மறுக்க முடியாதது.

அமெரிக்க அதிபர் நிக்சன் பதவி விலகக் காரணமான வாட்டர்கேட் ஊழலைப் பற்றி 1976-இல் வந்த படத்தில், நிருபரிடம் ரகசியம் சொல்பவர் கார் நிறுத்துமிட இருட்டில் நிற்பார். அவர் அந்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் அதிகாரி மார்க் ஃபெல்ட் என்பது 2005-இல் அவரே ஒப்புக்கொண்ட பிறகுதான் உறுதியானது. பணம் போகும் வழியைப் பின்தொடரச் சொல்லி உலகமே அவர் வாயில் வைக்கும் வசனம், படத்துக்காக எழுதியது. அதை நான் பொறுத்துக்கொள்வேன். பெயரைக் காப்பாற்றிய நிருபர்கள் அவருக்கு வாய்த்தார்கள் என்பதாவது அதில் இருக்கிறது.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். டெல்டா விவசாயி என்று காட்டிவிட்டு மதுரைத் தமிழ் பேசவைக்கிறீர்களே, ஏன்? மன்னார்குடியிலும் நீடாமங்கலத்திலும் ஒரு நாள் டீக்கடையில் உட்கார்ந்து காதைக் கொடுத்தால் என்ன செலவாகிவிடும்? போதாததற்கு, வெடித்துப் பிளந்த நிலத்தில் ஒரு கிழவர் வானத்தைப் பார்ப்பார். எங்கள் நெல் தண்ணீர் இல்லாமல் கருகியதும் உண்டு, தண்ணீரில் மூழ்கி அழுகியதும் உண்டு. இரண்டாவதை எடுக்க யாரும் கேமராவோடு வருவதில்லை.