ஆசாரியிடம் மாலை செய்யக் கொடுக்கும்போது

கேள்வி: பாட்டியின் காசுமாலையை அழித்து, மகள் திருமணத்துக்குப் பாலைக்கா மாலை செய்ய வடசேரி ஆசாரி ஒருவரிடம் கொடுக்கவிருக்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?
- வாசகி, களியக்காவிளை

பதில்: அழிக்க மனம் வந்துவிட்டதென்றால், கல்லையும் அரக்கையும் நீக்கி உங்கள் கண்முன்னே உருக்கச் சொல்லி, கட்டியின் எடையையும் மாற்றையும் (தங்கத்தின் தூய்மை) எழுதி வாங்குங்கள்; பழைய தங்கம் 22 காரட்டுக்குக் குறைவாயிருந்தால், 916 தரத்துக்குக் கொண்டுவரச் சுத்தத் தங்கம் சேர்க்க வேண்டிவரும். சேதாரம், கூலி இரண்டையும் முன்பே பேசிவிடுங்கள். பாலைக்கா மாலையில் பதிக்கும் பச்சைக் கல் பெரும்பாலும் கண்ணாடிதான். அதில் குறையொன்றும் இல்லை, ஆனால் அதன் எடை தங்கக் கணக்கில் ஏறக்கூடாது. பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவுள்ளவரால்தான் ஹால்மார்க் எனும் தரமுத்திரை இட்டு வாங்கித் தர முடியும் என்பதால் அதை முதலிலேயே கேளுங்கள். மாலையிலுள்ள 6 இலக்க எச்.யு.ஐ.டி. எனும் தனி அடையாளக் குறியீட்டை பி.ஐ.எஸ். கேர் செயலியில் நீங்களே சரிபார்க்கலாம்.