அமெரிக்கால அலபாமா மாநிலத்துல, ஏதோ ஒரு கவுண்டியோட (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) ஊழியர் போர்டுக்கு மாநிலம் முழுக்க ஏன் ஓட்டுப் போடச் சொல்றாங்க?

நான் அலபாமால ஹன்ட்ஸ்வில்ல இருக்கேன், சிட்டிசன் ஆகி போட்ட முதல் ஓட்டே 2016 நவம்பர்லதான், அதனால இந்தக் கேள்வி அன்னிக்கே எனக்கும் வந்துச்சு. டிரம்ப்பா ஹிலரியான்னு ஆறு மாசமா வீட்ல சண்டை போட்டு ஒரு முடிவோட போனா, ஓட்டுச் சீட்டுல அது போக மாநில அரசியலமைப்புக்கு 14 திருத்தம் வேற இருக்கு, எல்லாம் பொடி எழுத்துல. அதுல ஏழாவது, எட்டோவா கவுண்டி ஷெரிஃப் (கவுண்டி போலீஸ், ஜெயிலுக்குத் தலைவர்) ஆபீஸ் ஊழியர்களை ஒரு ஊழியர் போர்டுக்குக் கீழ கொண்டு வரலாமான்னு கேக்குது. எட்டோவாவுக்கும் எனக்கும் உள்ள ஒரே சம்பந்தம் அங்க இருக்கற கேட்ஸ்டன்ல நோக்கலூலா அருவி பாக்க ஒரு தடவை போனதுதான். தெற்குக் கோடில மொபைல்ங்கற ஊர்ல இருக்கறவனுக்கு அங்க போகவே அஞ்சு மணி நேரம் ஆகும், அவனும் இதுக்கு ஓட்டுப் போடணும்!

காரணம் அலபாமாவுக்குன்னு 1901-ல எழுதின அரசியலமைப்பு. கறுப்பர்களோட ஓட்டைப் பறிக்கணும்னே கூடி உக்காந்து எழுதினது அது, அதுவும் ஒளிச்சு மறைச்சு இல்ல. அதோட சேத்து 67 கவுண்டியோட குடுமியையும் தலைநகர் மான்ட்கோமரில இருக்கற மாநிலச் சட்டசபை கையில குடுத்துட்டாங்க. கவுண்டிக்குன்னு சொந்த அதிகாரம் ரொம்பக் கம்மி, அதனால சின்னச் சின்ன உள்ளூர் விஷயத்துக்கெல்லாம் திருத்தம் போட்டுப் போட்டு, 2022-ல அதைப் புதுசா தொகுக்கறதுக்குள்ள எண்ணிக்கை 900-ஐத் தாண்டிடுச்சு. சட்டசபைல யாருமே எதிர்க்கலன்னா அந்த ஊர்க்காரங்க மட்டும் ஓட்டுப் போட்டா போதும், ஒரு எதிர்ப்பு விழுந்தாலும் மாநிலம் முழுக்க வரும்னு ஒரு விதி இருக்கு. எட்டோவா மாதிரி உள்ளூர் விவகாரம் நம்ம தலைல விழுறது இந்த மாதிரி விதியாலதான்.

ஷெரிஃப் ஆபீஸ்னா இன்னொரு சிக்கல். அலபாமால ஷெரிஃப் கவுண்டி ஆள் கிடையாது, மாநில அதிகாரி, போலீஸ் வேலையப் பொறுத்தவரை 1997-ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டே அப்படித்தான் சொல்லிடுச்சு. அவரை 4 வருஷத்துக்கு ஒரு தடவை எலக்‌ஷன்ல தேர்ந்தெடுக்கறாங்க. போர்டு மாதிரி ஒண்ணு இல்லன்னா புது ஷெரிஃப் வந்ததும் பழையவருக்கு வேல பாத்த டெபுட்டி, ஜெயில் காவலர், கிளார்க் எல்லாரும் எப்ப சீட்டு கிழியும்னு பயந்துட்டே இருக்கணும். போர்டு இருந்தா காரணம் சொல்லணும், விசாரணை வைக்கணும், அப்புறம்தான் அனுப்ப முடியும். எனக்கு இது நியாயமாப் பட்டுச்சு, ஆமான்னு வட்டத்தை நிரப்பிட்டேன்.

ஆனா சில பதவிக்கு விலக்கு குடுத்திருந்தாங்க. சீஃப் டெபுட்டி சரி, ஷெரிஃபுக்கு நம்பிக்கையான ஆள் வேணும். கடைசில ஃபுட் சர்வீஸ் மேனேஜர்னு ஒண்ணு இருந்துச்சு. ஜெயில் சமையல் பாக்கறவருக்கு எதுக்குய்யா விலக்குன்னு நினைச்சேன், பின்னாடி ஆள் நிக்கறாங்களேன்னு அடுத்ததுக்குப் போயிட்டேன்.

2018-ல பேப்பர்ல ஒரு செய்தி. கைதிங்க சாப்பாட்டுக்கு வர்ற பணத்துல மிச்சமானதை ஷெரிஃபே வச்சுக்கலாம்னு 1930-கள்ல இருந்தே ஒரு சட்டம் இருந்திருக்கு. எட்டோவா ஷெரிஃப் அப்படி 3 வருஷத்துல 7.5 லட்சம் டாலருக்கு மேல எடுத்திருக்கார், ஆரஞ்ச் பீச்ல 7.4 லட்சத்துக்கு வீடும் வாங்கியிருக்கார். எல்லாம் சட்டப்படிதான்னு அவர் சொன்னார். அந்த ஃபுட் சர்வீஸ் மேனேஜர் விலக்குக்கும் இதுக்கும் நான் முடிச்சுப் போடல. அந்த வருஷ பிரைமரில (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கற எலக்‌ஷன்) அவர் தோத்துட்டார், 2019-ல சட்டத்தையும் மாத்திட்டாங்க. இப்பல்லாம் சாம்பிள் பேலட்டை (மாதிரி ஓட்டுச் சீட்டு) முந்தின நாள் ராத்திரியே பிரின்ட் எடுத்து, விலக்கு லிஸ்ட்டைத்தான் முதல்ல படிக்கறேன்.