சுகர், பிபி எதுவுமே இல்லாத ஆரோக்கியமான ஆளுங்க கூட கொரோனால இறந்தது எப்படி?

உங்க வீட்லயும் யாரோ போயிருக்காங்கன்னு கேள்விய படிக்கும்போதே தோணுது, அதான் எழுதறேன்.

எங்கப்பா 2021 மே மாசம் போனாரு. 74 வயசு, தினம் அஞ்சரைக்கு வாக்கிங், ஒரு மாத்திரை கிடையாது. காய்ச்சல் வந்த ஆறாவது நாள் ஆக்ஸிமீட்டர்ல 93. விரலைத் துடைச்சு திரும்ப மாட்டினேன், 91. வேற விரல்ல மாட்டினேன், 88. "மெஷின் சரியில்லடா"ன்னாரு, பேச்சு தெளிவா தான் இருந்துச்சு. பெட் கிடைக்க ஒரு ராத்திரி ஆச்சு, அப்புறம் நாலே நாள்.

காரியத்தன்னைக்கு சொந்தக்காரர் ஒருத்தர், அம்மா காதுல விழற மாதிரியே "கபசுரக் குடிநீர் ஒழுங்கா குடுத்திருந்தா மனுஷன் இருந்திருப்பாரு"ன்னாரு. அம்மா இன்னிக்கு வரைக்கும் எந்தெந்த நாள் குடுக்கலன்னு எண்ணிட்டு இருக்காங்க.

அதுக்கப்புறம் தான் தேடித் தேடிப் படிச்சேன். வைரஸ் நுழைஞ்சதும் நம்ம செல்லுங்க இன்டர்ஃபெரான்னு ஒண்ண விட்டு பக்கத்து செல்லையெல்லாம் உஷார்படுத்தும். சில பேர் ரத்தத்துல அந்த இன்டர்ஃபெரானையே முடக்கிப்போடற ஆட்டோஆன்டிபாடி, அதாவது நம்ம உடம்புக்கு எதிராவே நம்ம உடம்பு தயாரிக்கற எதிர்ப்புப் பொருள், இருக்கு, வெளில ஒண்ணுமே தெரியாது, நல்லாத்தான் இருப்பாங்க. 2020ல அமெரிக்காவுல ராக்ஃபெல்லர் யுனிவர்சிட்டில கேஸனோவாங்கற ஆராய்ச்சியாளரோட டீம் பாத்ததுல, உயிருக்குப் போராடின 987 பேர்ல 101 பேருக்கு இது இருந்துச்சு, லேசா வந்துபோன 663 பேர்ல ஒருத்தருக்குக் கூட இல்ல. அந்த 101ல 95 பேர் ஆம்பளைங்க. சில பேருக்கு கொரோனா வர்றதுக்கு முன்னாடி எடுத்து வச்ச ரத்தத்துலயே இருந்துருக்கு. அடுத்த வருஷம் இன்னும் நிறைய பேர பாத்தப்ப, இறந்தவங்கள்ல கிட்டத்தட்ட அஞ்சுல ஒருத்தருக்கு இருந்துச்சு. 70 வயசுக்கு மேல சாதாரண ஜனங்கள்லயே இது கூடிட்டே போகுது.

நான் பி.காம் தான், டாக்டர் இல்ல. அப்பாவுக்கு இந்த டெஸ்ட் எடுக்கல, அதனால அவருக்கு இதான்னு அடிச்சு சொல்லல. கஷாயம் தப்பு, தடுப்பூசி வேண்டாம்னும் சொல்லல, அப்படி யாரும் திரிக்காதீங்க. ஆஸ்பத்திரில "நிமோனியா"ன்னு மட்டும் எழுதிக் குடுத்து, கொரோனால இறந்தவங்க குடும்பத்துக்கு அரசாங்கம் அறிவிச்ச அந்த 50,000 ரூபாய் நிவாரணத்துக்கு நான் எத்தனை ஆபீஸ் படி ஏறினேன், காசுக்காக இல்ல, எங்கப்பா எதுல செத்தாருன்னு ஒரு பேப்பர்ல சரியா இருக்கணும்ல.

அம்மாவ உக்காரவச்சு இதெல்லாம் தமிழ்ல படிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசல. "அப்ப அந்த மூணு நாள் குடுக்காததால இல்லையா"ன்னு மட்டும் கேட்டாங்க.