ஊட்டிக் குளிரில் பைபர் படகின் பின்பலகையை மாற்றுவது எப்படி?

உங்கள் படகில் பழைய டூ ஸ்ட்ரோக் இன்ஜினைக் கழற்றிவிட்டு, அதைவிடக் கனமான ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்புறம் வெளியே மாட்டும் இன்ஜின்) மாட்ட வேண்டும். இன்ஜினைத் தாங்கும் பின்பலகை லேசாக அசைகிறது. வெளியே தகடு வைத்து முடுக்கினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. இரண்டு பைபர் தோலுக்கு நடுவே உள்ள பிளைவுட் ஊறியிருக்க வாய்ப்பு அதிகம். தகடு அதை மறைக்கும், அவ்வளவுதான்.

சுத்தியல் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் 'டக்'கென்று கேட்கும், ஊறிய இடம் 'தொப்'பென்று. பழைய போல்ட் ஓட்டைகளைச் சுற்றித்தான் பெரும்பாலும் ஆரம்பிக்கும். உள்தோலை அறுத்து, கறுத்த மரத்தை முழுக்கச் சுரண்டி, காயவிட்டு, பழைய கனத்துக்கே ஐஎஸ் 710 என்ற இந்தியத் தரக்குறியீடு உள்ள மரைன் பிளைவுட்டை அடுக்கி ஒட்டுங்கள். மேலே போடும் கண்ணாடி இழையைப் பலகையோடு நிறுத்தாமல் படகின் அடிப்பகுதி, பக்கச் சுவர்கள் மேலும் இழுத்து ஒட்டுங்கள். இன்ஜினின் தள்ளுவிசையைத் தாங்குவது அந்த மூலைகள்தான்.

ஊட்டியில் பெரிய தொல்லை குளிர். கண்ணாடி இழையை ஒட்டும் சாதாரண பாலியஸ்டர் ரெசின் 15 டிகிரிக்குக் கீழே சரியாக இறுகாது. அதற்காகக் கேட்டலிஸ்ட்டை (ரெசினை இறுக வைக்கும் திரவம்) அள்ளி ஊற்றாதீர்கள். கொட்டகையை மூடி, மின்சார ஹீட்டரால் பலகையைச் சூடாக்கி, பகலில் வேலை செய்யுங்கள். தீப்பொறி கிட்டவே வரக்கூடாது. கோபால்ட்டையும் (இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) கேட்டலிஸ்ட்டையும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும்: முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்குங்கள், அப்புறம்தான் கேட்டலிஸ்ட்.

சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இன்ஜின் சக்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். அதை ஈடுகட்டப் பெரிய இன்ஜின் வாங்குமுன், படகுக்குக் குறித்திருக்கும் குதிரைசக்தி, எடை வரம்புகளைப் பாருங்கள்.