கண் கேள்வி-பதில்: வீடு மலையில், ஆஸ்பத்திரி கீழே

இந்த முறை நீலகிரியிலிருந்து வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். மலையில் குடியிருப்பவர்கள் கண்ணுக்காகக் கோவைக்கு இறங்கும்போது, தாங்கள் எந்த ஊர், எவ்வளவு உயரம் என்பதை டாக்டரிடம் சொல்வதே இல்லை. டாக்டரும் எல்லா நேரமும் கேட்பதில்லை. சில சிகிச்சைகளில் அந்த ஒரு தகவல் பார்வையையே காப்பாற்றும்.

கேள்வி: அப்பாவுக்கு விழித்திரையின் நடுவில் ஓட்டை இருக்கிறதாம். அடுத்த மாதம் கோவையில் ஆபரேஷன். கண்ணுக்குள் காஸ் வைப்பார்கள் என்றார்கள். மூன்றாம் நாளே கார் பிடித்து அலுங்காமல் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடலாம் என்றிருக்கிறோம். சரிதானே டாக்டர்?
- வாசகி, கோத்தகிரி

பதில்: சரியில்லை அம்மா, தயவுசெய்து அப்படிச் செய்துவிடாதீர்கள். கார் அலுங்குவதால் ஒன்றும் ஆகாது, ஏறுகிற உயரம்தான் ஆபத்து. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் அடைபட்ட வாயு விரியும். கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரம், கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர். இந்த வித்தியாசத்துக்குக் கண்ணுக்குள் இருக்கும் வாயு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பெருகப் பார்க்கும். கண் என்பது விரிந்து கொடுக்கிற பை இல்லை, அதனால் உள்ளே அழுத்தம் ஏறும். அழுத்தம் மிக அதிகமானால் விழித்திரைக்கு ரத்தம் போவது தடைப்பட்டு, நல்லபடியாக முடிந்த ஆபரேஷனுக்குப் பிறகும் பார்வை நிரந்தரமாகப் போய்விடலாம். மேட்டுப்பாளையம் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது கண் கடுமையாக வலித்தாலோ, பார்வை கறுத்துக்கொண்டு வந்தாலோ, வீடு பக்கத்தில்தானே என்று தொடர்ந்து ஏறாமல் வண்டியைத் திருப்பிக் கீழே இறங்கிவிட வேண்டும்.

எத்தனை நாள் கீழே இருக்க வேண்டும் என்பது எந்த வாயு என்பதைப் பொறுத்தது. எஸ்எஃப்6 என்றால் சுமார் இரண்டு வாரம், சி3எஃப்8 என்றால் ஆறு முதல் எட்டு வாரம் வரை கண்ணுக்குள் தங்கும். ஆகவே ஆபரேஷனுக்கு முன்பே, "நாங்கள் கோத்தகிரி, என்ன வாயு வைப்பீர்கள், எப்போது மலை ஏறலாம்" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். சில நோயாளிகளுக்கு வாயுவுக்குப் பதில் சிலிக்கான் எண்ணெய் வைக்க முடியும். அது உயரத்தில் விரியாது, ஆனால் பிறகு அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன் தேவைப்படும். எது பொருந்தும் என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். காரமடை, மேட்டுப்பாளையம் பக்கம் சொந்தக்காரர் வீடு இருந்தால் இப்போதே சொல்லி வையுங்கள். அப்பா சில நாள் குப்புறப் படுத்தபடியே இருக்க வேண்டி வரலாம், அதற்கும் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். வாயு கரையக் கரைய அவர் பார்வையில் ஒரு கோடு தண்ணீர் மட்டம் போல ஆடிக்கொண்டே கீழே இறங்கும். அது மறைந்துவிட்டது என்று அவரே சொன்னாலும், டாக்டர் பார்த்து ஏறலாம் என்ற பிறகு ஏறுங்கள். அதுவரை விமானமும் கூடாது. வேறு எதற்காவது மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் கண்ணில் காஸ் இருப்பதை அவசியம் சொல்லுங்கள், நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயு கொடுத்தாலும் இதே ஆபத்துதான்.

கேள்வி: வயது 46. தேயிலை பறிக்கிறேன். தூரம் நன்றாகத் தெரிகிறது, ஆனால் கொழுந்து எது, முற்றிய இலை எது என்று கைக்கிட்டே மங்கலாக இருக்கிறது. இந்த வயதில் கண்ணாடி போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போனால் சிரிப்பார்கள்.
- வாசகி, குன்னூர் அருகே

பதில்: சிரிக்கிறவர்களுக்கும் நாற்பது தாண்டினால் இதேதான் அம்மா. வெள்ளெழுத்து நோய் இல்லை, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதானால் கெட்டிப்பட்டு, கிட்டத்துக்கு ஏற்றபடி வளைந்து கொடுக்காமல் போவதுதான். அஸ்ஸாமில் நாற்பது வயதைத் தாண்டிய தேயிலைத் தொழிலாளர்களிடையே ஓர் ஆய்வு நடத்தி 2018-இல் வெளியிட்டார்கள். கிட்டத்தில் பார்ப்பதற்கான கண்ணாடி கொடுக்கப்பட்டவர்களின் பறிப்பு, கொடுக்கப்படாதவர்களைவிட 21.7 சதவீதம் கூடியது. எடைக்குத் தகுந்த கூலி வாங்கும் உங்களுக்கு இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு விஷயம் கவனியுங்கள். புத்தகம் படிக்கிற தூரமும் செடியில் கை எட்டுகிற தூரமும் ஒன்றல்ல, பறிப்பதற்குப் பவர் கொஞ்சம் குறைவாகத் தேவைப்படலாம். கண் பரிசோதகரிடம் கையை நீட்டி, "இந்தத் தூரத்தில்தான் எனக்கு வேலை" என்று காட்டுங்கள். அப்புறம், மேலே தூரத்துக்கும் கீழே கிட்டத்துக்கும் சேர்த்துச் செய்யும் பைஃபோகல் உங்களுக்கு வேண்டாம் என்பேன். சரிவில் இறங்கும்போது கீழ்ப்பகுதி வழியாகக் கால் வைக்கிற இடத்தைப் பார்க்க நேரும், தரை மங்கி வழுக்கி விழுவீர்கள். கிட்டத்துக்கு மட்டும் ஒரு கண்ணாடி, கழுத்தில் கயிறு, நடக்கும்போது கழற்றி மார்பில் விட்டுக்கொள்ளுங்கள். சந்தையில் கிடைக்கும் ரெடிமேட் கண்ணாடியும் இரண்டு கண்ணிலும் ஒரே பவர் இருந்தால் போதும்தான், ஆனால் ஒரு முறையாவது முழுப் பரிசோதனை செய்துவிட்டு வாங்குங்கள். நாற்பதுக்கு மேல் கண் அழுத்த நோய் சத்தமில்லாமல் வரும், அதைக் கண்ணாடிக் கடையில் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

கேள்வி: மகளுக்கு 19 வயது, மைனஸ் 4 பவர், போன வருடம்கூட ஏறியது. கண்ணாடி போடாமல் இருக்க லேசிக் என்ற லேசர் ஆபரேஷன் செய்துகொள்கிறேன் என்கிறாள். லேசிக் செய்தவர்கள் ஊட்டி உயரத்தில் இருக்கக் கூடாது என்கிறார்களே?
- வாசகர், உதகை

பதில்: அந்தப் பயம் பழைய ஆபரேஷனிலிருந்து வந்தது. முன்பு கருவிழியில் கத்தியால் ஆரம் ஆரமாகக் கீறுவார்கள். அப்படிச் செய்தவர்களுக்கு மிக உயரமான மலைகளில் பார்வை மாறியது உண்மை. லேசிக் செய்தவர்கள் ஊட்டியில் தாராளமாக இருக்கலாம்.

ஆனால் உங்கள் மகளுக்கு இப்போது வேண்டாம். பவர் குறைந்தது ஒரு வருடமாவது மாறாமல் நிற்க வேண்டும். ஏறிக்கொண்டிருக்கும்போது செய்தால் திரும்பவும் கண்ணாடிதான். நின்ற பிறகு கருவிழியின் தடிமனையும் வடிவத்தையும் அளந்து பார்ப்பார்கள். கருவிழி கூம்பிக்கொண்டு போகும் அறிகுறி இருந்தால் லேசிக் கூடவே கூடாது, எத்தனை பேர் செய்துகொண்டாலும் சரி. கண்ணைக் கசக்கும் பழக்கம் இருந்தால் இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள். கருவிழி மெல்லியதாக இருந்தால் பிஆர்கே (கருவிழியின் மேல்தோலை நீக்கிவிட்டுச் செய்யும் லேசர்) செய்வார்கள், இல்லையென்றால் கண்ணுக்குள் ஐசிஎல் லென்ஸ் வைப்பார்கள். பிஆர்கே செய்தால் மலைக்காரர்கள் கூலிங் கிளாஸ் விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் சுமார் பத்து சதவீதம் கூடும், குளிரில் வெயில் உறைப்பதே தெரியாது, அந்தக் கதிர் பட்டால் ஆறுகிற கருவிழியில் மங்கல் படிய வாய்ப்புண்டு. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவள் என்றால் அளவெடுப்பதற்கு ஓரிரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். குழாய்த் தண்ணீரிலோ ஊற்றுத் தண்ணீரிலோ அந்த லென்ஸைக் கழுவவே கூடாது.

கேள்வி: தினமும் எங்கள் தோட்டத்து கேரட் சாப்பிட்டால் பையனின் கண்ணாடி போய்விடுமா?
- வாசகர், கேத்தி

பதில்: போகாது. கேரட் நல்லது, வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணைத் தடுக்கும். கிட்டப்பார்வை, அதாவது தூரம் மங்கலாகத் தெரிவது, வருவது விழி நீண்டு வளர்வதால், அதைக் கேரட் சுருக்காது. கண்ணாடியைக் கழற்றாமல் போடச் சொல்லுங்கள், பகலில் வெளியே விளையாட விடுங்கள்.

கேள்வி: கவாத்து வெட்டும்போது குச்சி கண்ணில் அடித்துவிட்டது. மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டேன், அன்று சிவப்பு குறைந்தது, இப்போது வலி கூடியிருக்கிறது.
- வாசகர், கூடலூர்

பதில்: உங்களுக்குத் தபாலில் உடனே எழுதிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கே. செடி, குச்சி, இலை பட்ட காயத்தில் பூஞ்சை தொற்றலாம். கடையில் கேட்டதும் கொடுக்கும் பல சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கும். அது சிவப்பை அடக்கி, பூஞ்சையைக் கருவிழிக்குள் ஆழமாகப் பரவ விட்டுவிடும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு எதையும் ஊற்றாதீர்கள், கட்டும் போடாதீர்கள். சுத்தமான தண்ணீரால் கழுவிவிட்டு அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். போகும்போது அந்தச் சொட்டு மருந்துப் புட்டியையும் எடுத்துக்கொண்டு போங்கள்.