பிடித்துக்கொள்ளும் கை

அன்புள்ள அக்கா,

நான் காவேரிப்பட்டணத்தில் வீட்டிலேயே ஜாக்கெட், சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன். என் மகனுக்கு 9 வயது. பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதம். வலது கை மடங்கி, விரல்கள் இறுகியே இருக்கும். இடது கையால் சாப்பிடுவான், பந்து எறிவான். பேச்சு குழறும், ஆனால் எல்லாம் புரியும். சிறப்பாசிரியர் கைவேலை ஏதாவது கொடுங்கள் என்றார். யூடியூபில் பார்த்து ஃபெல்ட் துணியில் பூ, யானை எல்லாம் வெட்டிக் கொடுத்துத் தைக்கச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் வலது கை இன்னும் இறுகிவிடுகிறது. அழுகிறான், தூக்கி எறிகிறான். கடைசியில் நானே தைத்து முடித்து, அவன் செய்தது என்று எல்லாரிடமும் காட்டினேன். அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆம்பளைப் பிள்ளைக்கு எதற்கு ஊசி நூல் என்கிறார் மாமியார். வீட்டில் மூட்டை மூட்டையாக வெட்டுத்துணி கிடக்கிறது. என்ன செய்யலாம், சொல்லுங்கள். என் பெயர் போட வேண்டாம்.

காவேரிப்பட்டணம் வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை மூன்று முறை படித்தேன். அந்த இடத்தில் நானும் நின்றிருக்கிறேன்.

என் தம்பிக்கு அறிவுசார் குறைபாடு. இப்போது 46 வயது, தர்மபுரியில் என்னோடுதான் இருக்கிறான். அவனுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது ஒரு தலையணை உறையில் ஓட்டுத்தையல் போடச் சொல்லிக் கொடுத்தேன். மூன்று நாள் உட்கார்ந்து போட்டான். ஒரு தையல் அரை அங்குலம், அடுத்தது இரண்டு அங்குலம், நடுவில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு முடிச்சு. வீட்டுக்கு விருந்தாளி வருகிறார்கள் என்று ராத்திரியோடு ராத்திரியாக அதைப் பிரித்து நானே நேராகப் போட்டு வைத்தேன். காலையில் எழுந்து உறையைத் திருப்பித் திருப்பி விரலால் தடவினான். அந்த முடிச்சைத் தேடியிருக்கிறான். கிடைக்கவில்லை. உறையை என் மடியில் போட்டுவிட்டுப் போனவன், அதற்குப் பிறகு ஒரு வருடம் ஊசியைத் தொடவில்லை.

டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்துக்கு வைக்கும் கண்காட்சிகளிலும் இதைப் பார்த்திருக்கிறேன். பிசிறில்லாத சுவர் அலங்காரம், கீழே குழந்தையின் பெயர். பெயருக்குரிய குழந்தை அதைக் கடந்து சமோசா இருக்கும் மேஜைக்குப் போய்விடும். அது அந்தக் குழந்தையின் வேலை இல்லை என்பது அதற்குத் தெரியும்.

சரி, உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் அந்த அழுகை. தசை இறுக்கம் உள்ள பிள்ளைகள் நல்ல கையால் கடினமான வேலை செய்யும்போது, இறுகிய கை தன்னாலேயே இன்னும் இறுகும். பதற்றம் வந்தாலும் இறுகும். அவன் வேண்டுமென்று செய்வதில்லை, பிடிவாதமும் இல்லை. வேலை அவன் கைக்கு அதிகம் என்று அந்த வலது கை உங்களிடம் சொல்கிறது. ஃபெல்ட் கெட்டியான துணி. ஊசியை ஒவ்வொரு முறையும் அழுத்திக் குத்த வேண்டும். சின்ன ஊசி, சின்ன பூ, இரண்டு கையும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. அவனுக்கு நடப்பதற்கு முன்பே மாடிப்படியைக் கொடுத்துவிட்டோம்.

வலது கைக்கு வேறு பதவி கொடுங்கள். அது தைக்க வேண்டாம், பிடித்துக்கொள்ளட்டும். விரல் திறக்காவிட்டால் முழங்கையோ முன்கையோ துணியை மேஜையில் அழுத்திப் பிடித்தால் போதும். மூடிய விரல்களைப் பிடித்து இழுத்துத் திறக்காதீர்கள். மணிக்கட்டை மெதுவாக உள்பக்கம் மடக்கினால் விரல்கள் கொஞ்சம் இளகும். பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்துக்கு வரும் பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை நேரில் செய்துகாட்டச் சொல்லிக் கற்றுக்கொண்ட பிறகு செய்யுங்கள். உட்காரும்போது கால் தொங்கக் கூடாது. எட்டாவிட்டால் ஒரு பலகை போடுங்கள். மேஜை அவன் முழங்கை உயரத்தில் இருக்கட்டும். செய்யும் பொருளுக்கு அடியில் ஈரத்துணி ஒன்றை விரித்தால் வழுக்காது.

அப்புறம், ஊசியே வேண்டாம். கிழிப்பதிலிருந்து ஆரம்பியுங்கள்.

உங்கள் மூட்டையில் ஜாக்கெட்டுக்குப் போட்ட லைனிங் துணியின் மிச்சம் நிறைய இருக்கும். நல்ல பருத்தியாக இருந்தால் ஓரத்தில் ஓர் அங்குலம் கத்தரியால் வெட்டிவிட்டு இழுத்தாலே நூல் போக்கில் நேராகக் கிழியும். பாலியஸ்டர் கலந்தது எளிதில் கிழியாது, அதைத் தனியாக எடுத்து வையுங்கள். பழைய வேட்டி இதற்கு ரொம்ப நல்லது. இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வெட்டு வெட்டி, ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை அவன் இடது கையில் கொடுங்கள். பர்ரென்று கிழியும் அந்தச் சத்தம் இருக்கிறதே, அதற்காகவே பிள்ளைகள் இன்னொன்று கேட்பார்கள். இதில் தப்பாகச் செய்ய வழியே இல்லை. சில நாள் கழித்து ஜன்னல் கம்பியின் வேலையை வலது கைக்குக் கொடுத்துப் பாருங்கள். மடங்கிய விரல்களுக்குள் துணியைச் செருகினால் அந்த இறுக்கமே பிடியாகிவிடும். நான் பார்த்த பிள்ளைகளில் சிலர் தங்கள் இறுகிய கை ஒரு வேலைக்கு ஆனதை முதன்முதலில் கண்டது இப்படித்தான்.

கிழித்த நாடாக்களை வைத்துக் கூடை செய்யலாம். சதுரக் கண் உள்ள பிளாஸ்டிக் கூடை ஒன்று வாங்குங்கள். நாடாவின் முனையில் செலோடேப்பைச் சுற்றி ஷூ லேஸ் முனைபோல விறைப்பாக்கிவிட்டால், ஒரு கண்ணில் உள்ளே, அடுத்த கண்ணில் வெளியே என்று கோத்துக்கொண்டே போகலாம். கூடையை வலது முன்கை அணைத்துப் பிடிக்கும், இடது கை கோக்கும். இரண்டு கண் தாண்டிவிட்டானா, தாண்டட்டும். திருத்தாதீர்கள். முடிந்ததும் உங்கள் பாபின்களையும் நூல்கண்டுகளையும் அதில் போட்டு மெஷின் பக்கத்திலேயே வையுங்கள். ஷோகேஸில் வைக்க வேண்டாம். தினமும் அம்மா அவன் கூடையிலிருந்து நூல் எடுப்பதை அவன் பார்க்க வேண்டும்.

சொல்லிக்கொடுப்பதற்கு ஒரு வழி உண்டு, சிறப்பாசிரியர்கள் எல்லாரும் அறிந்தது: கடைசிப் படியிலிருந்து தொடங்குவது. கூடையில் ஒரு வரிசை முழுக்க நீங்கள் கோத்துவிட்டு, கடைசி ஒரு கண்ணை மட்டும் அவனுக்கு விடுங்கள். அடுத்த நாள் கடைசி இரண்டு, அப்புறம் நான்கு. நாம் வழக்கமாகத் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் அவனைத் தொடங்கவிட்டு, அவன் தோற்றதும் நாம் முடிக்கிறோம். முடித்தவர் நாம், தோற்றவன் அவன் என்றே ஒவ்வொரு முறையும் அந்த வேலை அவன் மனதில் பதிகிறது. கடைசிக் கண்ணைக் கோத்தவனுக்கு, முடித்தது தான் என்று தெரியும். ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். களைத்து அழுவதற்கு முன்பே, இன்னும் ஆசை இருக்கும்போதே எடுத்து வைத்துவிடுங்கள்.

அடுத்தது புளியங்கொட்டைப் பை. நம் பக்கம் புளி சீசனில் வீட்டுக்கு வீடு கொட்டை குவிந்து கிடக்கும். நான்கு அங்குலச் சதுரப் பையை மூன்று பக்கம் மெஷினில் அடித்துக் கொடுங்கள். அவன் டம்ளரால் கொட்டையை அள்ளி நிரப்பட்டும். நாலாவது பக்கத்தை இரட்டைத் தையலாக அடித்து மூடுங்கள். அவனுக்குத்தான் எறிவது பிடிக்குமே, தூக்கிப் போட்டு அன்னக்கூடையில் விழவைக்கும் விளையாட்டுக்கு ஆகும். கைமேல் வைத்தால் அதன் கனமும் சில பிள்ளைகளுக்கு இதமாக இருக்கும். இதைப் படிக்கும் மற்ற தாய்மார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: எதையும் வாயில் போடும் வழக்கமுள்ள குழந்தை என்றால் புளியங்கொட்டையும் வேண்டாம், பொத்தானும் வேண்டாம். வலிப்பு வரக்கூடிய பிள்ளை ஊசியோ கத்தரியோ எடுத்தால் பக்கத்தைவிட்டு நகராதீர்கள். சில ஆட்டிசக் குழந்தைகளுக்கு ஜரிகையும் நைலானும் உடம்பில் பட்டாலே ஆகாது. பத்துத் துண்டுகளைப் பரப்பி வைத்து, அதுவே எடுக்கும் துணியில் வேலையைத் தொடங்குங்கள்.

பொத்தான் பட்டியும் உங்களால் எளிதில் செய்ய முடியும். கோட்டுக்குப் போடும் பெரிய பொத்தான் நான்கு, தாராளமான காஜா. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினாரே மாண்டிசோரி அம்மையார், அவருடைய பள்ளிகளில் பொத்தான் போட்டுப் பழகும் மரச்சட்டம் ஒன்று உண்டு. அவர் கல்வி வேலையைத் தொடங்கியதே ரோமில் அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளோடுதான். எல்லாக் குழந்தைகளுக்கும் கற்பித்தது அதற்குப் பிறகு. நான் ஒன்று மட்டும் மாற்றச் சொல்வேன். பட்டியை மேஜையில் வைக்காமல், அவன் சட்டைமேல் பின் குத்தி மாட்டிவிடுங்கள். மேஜையில் எதிரே வைத்துப் பழகியது, தன் மார்பில் குனிந்து போடும்போது திசை மாறிப்போய்ப் பிள்ளைகளைக் குழப்பும்.

ஊசிக்கு வருவதற்கு ஆறு மாதம் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். வரும்போது மழுங்கிய முனையுள்ள பிளாஸ்டிக் ஊசி, கம்பளி நூல், எம்ப்ராய்டரி பிரேமில் இறுக்கிய சாக்குத்துணி என்று தொடங்குங்கள். நூலை ஊசிக் காதிலேயே முடிந்துவிட்டால் கழன்று வராது. பிரேமை மேஜை விளிம்பில் கிளிப் போட்டு நிறுத்துங்கள். சாக்கின் இழை இடைவெளியில் ஊசி தானாக நுழையும், குத்தவே வேண்டாம். மார்க்கிங் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக் கொடுங்கள், அது போதும்.

உங்கள் மாமியாரிடம் கடைத்தெருவில் மெஷின் மிதிப்பவர்களில் எத்தனை பேர் ஆண்கள் என்று பார்த்துவரச் சொல்லலாம். கோபமாகச் சொல்லாதீர்கள். அவருக்கும் பேரனை நினைத்துப் பயம்தான். கிழிக்கும் நாளில் வேட்டியின் மறுமுனையை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள்.

அரூர் பக்கம் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்கள், மறந்துபோக இருந்த தங்கள் கைத்தையலை மீட்டெடுத்து விற்பனைக்கும் கொண்டுவந்திருக்கிறார்கள். அமைப்புக்குப் பொர்கை என்று பெயர். அவர்கள் மொழியில் பெருமை என்று பொருள். கைத்தையலுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை. உங்கள் மகன் தைத்ததற்கு அந்தப் பெயர் கிடைக்க வேண்டுமென்றால் அதில் இருப்பது அவனுடைய தையலாக இருக்க வேண்டும். உங்கள் கைக்கும் இதில் பிடித்துக்கொள்ளும் வேலைதான், தங்கை. நேர்த்தியாகத் தைக்கத் தெரிந்த கைக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் தைத்து முடித்த அந்த யானையைப் பிரிக்க வேண்டாம். அது அம்மா செய்த யானை என்று அவனிடம் சொல்லிவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தைக்குப் போனால் அவனையும் கூட்டிப்போங்கள். அவன் விரல் நுழையும் அளவுக்குக் கண் உள்ள கூடையாகப் பாருங்கள். எந்த நிறம் என்பதை அவன் சொல்லட்டும்.

அன்புடன்,
அக்கா